கோழி மருந்து குடித்தீர்களா என்று ஏன் கேட்கிறோம்

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் எங்கள் ஆய்வகத்துப் பெண்கள் என்னை விடுவதாக இல்லை. போன மாதம் ஒருத்தி வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "வசந்தாக்கா, யூரின் கல்ச்சருக்கு வாரவங்ககிட்ட, கோழிக்கு மாட்டுக்கு வாங்குன மருந்து ஏதாச்சும் குடிச்சீங்களான்னு நம்ம லேப்புல மட்டும் எதுக்குக் கேக்கறோம்? சேலத்துல இருந்து வந்த ஒருத்தரு சிரியா சிரிக்கறாருங்க. புது மெஷின் வந்தாச்சு, அந்தக் கேள்விய எடுத்துரலாமான்னு மேனேஜர் சாரும் கேக்கறாரு."

எடுக்கக் கூடாது என்று உடனே பதில் போட்டேன். காரணம் கேட்டாள். கட்டை விரலால் தட்டித் தட்டிச் சொல்லக் கூடிய காரணம் இல்லை அது. ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன். புது மெஷின் மேல் எனக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. நாங்கள் இரண்டு நாள் காத்திருந்து பார்த்த கிருமியை அது சில மணி நேரத்தில் பெயர் சொல்லிவிடுகிறது. என் காலத்தில் வந்திருந்தால் மாலை போட்டு வரவேற்றிருப்பேன். ஆனால் வந்தவர் வீட்டில் எதைக் குடித்துவிட்டு வந்தார் என்று அது சொல்லாது. அதை வாயைத் திறந்துதான் கேட்க வேண்டும்.

நான் ஆத்தூர்க்காரி. அப்பாவுக்கு ஜவ்வரிசி ஆலையில் வேலை. சேலத்தில் லேப் டெக்னீசியன் படிப்பை முடித்து, நாமக்கல்லில் இந்தச் சிறுநீரக மருத்துவமனையில் சேர்ந்தேன். வேலையில் சேர்ந்ததும் அங்கே, ஓய்வு பெற்றதும் அங்கே. முதல் வாரம் முழுக்க எல்லோரும் என்னிடம் "ஏனுங்க, சொல்லுங்க, சரிங்க" என்று பேசியதைக் கேட்டு, புதுசாக வந்தவளைக் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். இந்த ஊர்ப் பேச்சே அப்படித்தான் என்று புரிந்த பிறகு எனக்கும் அது தொற்றிக்கொண்டது. என் மாமியார் மட்டும் கடைசி வரைக்கும் ஊராரிடம் "மருமகளுக்கு ஆஸ்பத்திரியில ஆபீஸ் வேலை" என்றே சொல்லி வந்தார். மூத்திரம் பார்க்கிற வேலை என்று சொன்னால் குடும்ப கௌரவம் என்னாவது.

மாமியாரைச் சொல்லிக் குற்றமில்லை. வருகிற ஆண்களும் அப்படித்தான். மாதிரி எடுக்கக் கொடுத்த டப்பாவைச் செய்தித்தாளில் சுற்றி, அதை மஞ்சள் பைக்குள் வைத்து, சாமி பிரசாதம் போலக் கொண்டு வருவார்கள். ஜன்னலில் என் முகத்தைப் பார்த்ததும் பின்வாங்கி, "ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?" என்பார்கள். "இருக்காங்க சாமி, ஆனா கிருமி எங்கிட்டத்தான் பேசும், குடுங்க" என்று வாங்கிக்கொள்வேன். ராசிபுரம் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர், நாங்கள் கொடுத்த டப்பா சின்னதாக இருக்கிறது என்று மாம்பழ ஜூஸ் பாட்டிலில் நிறைத்துக் கொண்டுவந்தார். "சோப்புப் போட்டுக் கழுவிட்டேனுங்க" என்று பெருமை வேறு. அந்தப் பாட்டிலில் வளராத கிருமி இல்லை.

எங்கள் பெரிய டாக்டரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. சிறுநீரகப் பாதை அறுவைச் சிகிச்சை நிபுணர். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் ஆய்வகத்துக்குள் நுழைந்தால் எங்களுக்கு முதுகு நிமிர்ந்துவிடும். ரிப்போர்ட் மேசைக்கு வரட்டும் என்று காத்திருக்கிற ஆள் இல்லை அவர். காலையில் தானே கீழே இறங்கி வந்து, கிருமி வளர்த்த தட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகுதான் காபி. நோயாளிகளிடம் அவர் பேசுகிற விதமும் தனி. அவர்கள் உட்காரும் நாற்காலியைவிடத் தாழ்ந்த முக்காலி ஒன்று வைத்திருப்பார். வெட்கப்படுகிற மனிதர் மேலே உட்கார்ந்திருக்க, இவர் கீழே இருந்து அண்ணாந்து கேட்பார். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பார். மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா? மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கினீர்களா? நாட்டு மருந்து, கஷாயம் ஏதாவது? முதல் கேள்விக்கு இல்லை என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் மூன்றாவதில் மாட்டிக்கொள்வார்கள்.

அவரிடம் வருகிறவர்களில் ஆகக் கஷ்டப்பட்டவர்கள் நாள்பட்ட புராஸ்டேட் தொற்றுக்காரர்கள்தான். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற சின்னச் சுரப்பி அது. அதற்குள் கிருமி புகுந்துவிட்டால் லேசில் வெளியே வராது. அடிவயிற்றில் வலி, போகும்போது எரிச்சல், அடிக்கடி காய்ச்சல். மாத்திரை போட்டால் அடங்கும், நிறுத்தினால் திரும்பும். "கெட்டித் தரையில தண்ணி ஊறுற மாதிரி அந்தச் சுரப்பிக்குள்ள மருந்து மெதுவாத்தான் இறங்கும். எல்லா மருந்தும் இறங்காது. இறங்கற மருந்தையும் வாரக்கணக்கில் கொடுக்கணும்" என்று எங்களுக்கு வகுப்பு எடுப்பார்.

அதே மனிதர், கிருமி இல்லாதவர்களுக்கு அந்த மருந்தை எழுதவே மாட்டார். வலி ஒன்றாகவே இருந்தாலும், வருகிறவர்களில் பலருக்குக் கிருமியே இருக்காது. ஒரு பள்ளி வாத்தியார், டாக்டர் மாற்றி டாக்டராகப் பார்த்து வருடக்கணக்கில் ஆன்டிபயாடிக் விழுங்கிவிட்டு வந்தார். இவர் சோதித்துப் பார்த்து, அத்தனையையும் நிறுத்தி, உடற்பயிற்சியும் வலிக்கு வேறு மருந்தும் கொடுத்தார். வாத்தியார் தேறிவிட்டார். ஆகவே தட்டில் கிருமி வளர்ந்ததா இல்லையா என்று நான் சொல்வதில்தான் சிகிச்சையே திரும்பும். அந்தப் பொறுப்பு எனக்குப் பிடித்திருந்தது.

இனி பழனிவேல் கதைக்கு வருகிறேன். எருமப்பட்டிப் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை ஒன்றில் சூப்பர்வைசர். நாற்பது வயது இருக்கும். சொந்தமாகக் கொஞ்சம் தோட்டமும் உண்டு. வலியும் காய்ச்சலும் ஒரு வருடமாக வந்து வந்து போயிருக்கின்றன. பக்கத்தில் ஊசி போடுகிற ஆள் ஒருவன், படித்தவன்கூட இல்லை, இவரைப் பார்த்துவிட்டு "இது பொம்பள சகவாசத்துல வார வியாதி" என்று சொல்லியிருக்கிறான். இவரிடம் சொன்னதோடு விட்டானா, டீக்கடையிலும் சொல்லியிருக்கிறான். இவருடைய மனைவி செல்வி காதுக்கு அது போய்ச் சேர, அவர் பனமரத்துப்பட்டியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். பிரித்துவிடுவது என்று அண்ணன்கள் பேச்சை ஆரம்பித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் பழனிவேல் பெரிய டாக்டரிடம் சொல்லி, "என்ன கிருமின்னு கண்டுபுடிச்சு எழுதிக் குடுத்துருங்க சார். நான் தப்புப் பண்ணலைன்னு அவளுக்குத் தெரிஞ்சாப் போதும். நோவு அப்பறம் பாத்துக்கலாம்" என்று கேட்டிருக்கிறார். மூன்று கேள்விக்கும் அவர் சொன்ன பதில், "ஒண்ணும் சாப்பிடலீங்க."

இந்த நோய்க்குச் சோதனை செய்வதில் ஒரு முறை உண்டு. முதலில் நடுச்சிறுநீர், அதாவது முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் பிடிப்பது, ஒரு டப்பாவில். பிறகு டாக்டர் கையுறை போட்டு, ஆசனவாய் வழியாக விரலை விட்டு அந்தச் சுரப்பியை மெதுவாக அழுத்திவிடுவார். அதற்குப் பின் வருகிற சிறுநீர் இன்னொரு டப்பாவில். 'முன்', 'பின்' என்று எழுதி இரண்டும் என்னிடம் வரும். பின் டப்பாவில் மட்டும் கிருமி கூடுதலாக இருந்தால் அது சுரப்பிக்குள் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்ப்பேன். பிறகு கம்பி வளையத்தைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, மாதிரியில் தொட்டு, தட்டில் கோடு கோடாக இழுப்பேன். தட்டில் இருப்பது கிருமிக்குப் போடும் சாப்பாடு. அதை உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டால் மறுநாள் காலை பார்க்கலாம். பழனிவேல் அந்தப் பெட்டியை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "எங்க குஞ்சு பொரிக்கற பெட்டியாட்டவே இருக்குதுங்க" என்றார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

நுண்ணோக்கியில் பின் டப்பா முழுக்கச் சீழ் அணுக்கள். கிருமி நிச்சயம் என்று நினைத்தேன். காலையில் பெட்டியைத் திறந்தால் தட்டு துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. இன்னும் ஒரு நாள் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் முளைக்கவில்லை. மறுபடி அவரை வரவழைத்து, மறுபடி எடுத்து, மறுபடி போட்டேன். அப்போதும் அதே கதை. பெரிய டாக்டர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வசந்தா, இவருக்குக் கிருமி இல்லைன்னு சொல்ல எனக்கு மனசு வரல" என்றார். பால்வினை நோய்களுக்கான ரத்தச் சோதனை, சிறுநீர்ச் சோதனை எல்லாம் தனியாகச் செய்தாயிற்று. அவற்றிலும் எதுவும் இல்லை.

மற்றவர்களுக்குக் கிருமி வளரவில்லை என்றால் நல்ல சேதி. இந்த மனிதருக்கு அது இடி. அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு வராந்தா பெஞ்சில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். "ஒண்ணுமில்லைன்னு இருக்குதுங்களே. நோவு மட்டும் இருக்குது. இத எப்படிங்க அவகிட்டக் காட்டறது?" என்று என்னிடம் கேட்டார்.

அவர் காட்டப் போகவில்லை. செல்வியே வந்துவிட்டார். டாக்டரை நேரில் கேட்டுவிடுவது என்று அண்ணன் தங்கராசுவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். டாக்டர் முதலில் பழனிவேலை உள்ளே அழைத்து, "இவங்ககிட்ட எல்லாத்தையும் பேசலாமா?" என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகே மற்ற இருவரையும் உள்ளே விட்டார். ரிப்போர்ட்டை விளக்குவதற்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்.

செல்வி உட்காரவில்லை. நின்றபடியே பேசினார். "கிருமியே இல்லைன்னு எழுதியிருக்கீங்களாமா. தப்புப் பண்ணாத ஆளு எதுக்குங்க ஒளிச்சு வெச்சுக் குடிக்கோணும்? நோவு வந்தா பண்ணையில இருந்து கோழி மருந்த எடுத்தாந்து, நாட்டுச்சக்கரைத் தண்ணியில கலக்கி, மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால நின்னு குடிக்கறாரு. எங் கண்ணால பாத்தனுங்க. இவருக்கு என்ன வியாதின்னு இவருக்கே தெரியும்."

பெரிய டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கோழி மருந்தா? எது?"

"கோழிக்குக் கழிச்சல் வந்தா தண்ணி டேங்க்குல ஊத்துவாங்களே, அதுங்க. மஞ்சளா, ஒரே கசப்பு."

டாக்டர் பழனிவேல் பக்கம் திரும்பினார். "கடைசியா எப்பக் குடிச்சீங்க?"

பழனிவேல் தலையைத் தூக்கவில்லை. "போன டெஸ்ட்டுக்கு வாரதுக்கு முந்தின நாளுங்க. அந்த நோவோட பஸ்ஸுல உக்கோந்து வர முடியாதுங்க சார். அதுக்கு முந்தின டெஸ்ட்டுக்கும் அப்படித்தான்."

"மூணு விதமாக் கேட்டேனே, மருந்து சாப்பிடறீங்களான்னு?"

"அது கோழிக்கு வாங்குனதுங்க சார்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எத்தனை தட்டு, எத்தனை கவனம், எல்லாம் பாழ். கிருமியை மயக்கத்தில் ஆழ்த்திக் கூட்டிவந்துவிட்டு, ஏன் எழவில்லை என்று என்னைக் கேட்டால் நான் என்ன செய்வேன். திட்டலாம் என்று வாயெடுப்பதற்குள் பெரிய டாக்டர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அத்தனை வருடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. செல்விக்கு முகம் சிவந்துவிட்டது.

"தப்பா நெனைக்காதீங்கம்மா" என்றார் டாக்டர். "நீங்க இவர் மேல சொன்ன குத்தம்தான் இவரைக் காப்பாத்தப் போகுது. அந்தக் கோழி மருந்தும் இந்த நோய்க்கு நாங்க கொடுக்கற மருந்தும் ஒரே குடும்பம். அரைகுறையாக் குடிச்சா கிருமி சாகாது, தட்டுலயும் வளராது. ஆனா உள்ளயே பழகிக்கிட்டு முரடாகும். எல்லாத்தையும் நிறுத்திட்டு மறுபடி ஒரு தடவை பார்ப்போம். அது வரைக்கும் ரெண்டு குடும்பமும் எந்த முடிவும் எடுக்காதீங்க. இது நான் கேட்டுக்கறது."

கிருமிக்கொல்லி எதுவும் இல்லாமல் காத்திருந்த அந்த நாட்களில் பழனிவேல் பட்ட பாடு கொஞ்சமில்லை. வலிக்கு மட்டும் மாத்திரை. வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். காய்ச்சலோ குளிரோ வந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்று எச்சரித்திருந்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து மாதிரி கொடுத்தார்.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்தேன். 'பின்' என்று எழுதிய தட்டு முழுக்க ரோஜா நிறத்தில் புள்ளி புள்ளியாக முளைத்திருந்தது. 'முன்' தட்டில் ஏதோ ஒன்றிரண்டு. ஒரு கிருமியைப் பார்த்து மனுஷி இவ்வளவு சந்தோஷப்பட முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். நான் மாடிப்படியில் ஓடினேன். பெரிய டாக்டர் காபியை வைத்துவிட்டு என்னோடு இறங்கி வந்தார். அது குடலில் சாதாரணமாக வாழ்கிற கிருமிதான், ஈ கோலை. எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்க்க, மருந்து தோய்த்த சின்னக் காகித வட்டுகளைத் தட்டில் வைத்தேன். கோழி மருந்தின் குடும்பத்து வட்டைச் சுற்றிக் கிருமி விளிம்பு வரைக்கும் வளர்ந்து ஒட்டிக்கொண்டு நின்றது. சிறுநீரில் அந்த மருந்து கெட்டியாகச் சேர்ந்திருந்த வரைதான் அது அடங்கியிருந்தது; வட்டில் இருக்கிற அளவுக்கெல்லாம் மசியவில்லை. ஆனால் கோட்ரைமாக்ஸசோல் வட்டைச் சுற்றி மட்டும் அகலமாக ஒரு வெற்றிடம். பழைய மாத்திரை, சல்லிசான மாத்திரை. இந்தச் சுரப்பிக்குள்ளும் இறங்கக் கூடியது. புதிதாக வந்திருந்த டாக்டர் ஒருவர், "சார், இதையா?" என்று இழுத்தார். "தட்டு சொல்றதக் கேளுங்க" என்றார் பெரியவர்.

அன்று செல்வியையும் தங்கராசுவையும் ஆய்வகத்துக்கே அழைத்துவரச் சொன்னார். தட்டைத் தூக்கிக் காட்டினார். செல்வி கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"இது எங்க போயி இவருக்கு ஒட்டுச்சுங்க?"

"எங்கயும் போகல. இவர் குடல்ல இருந்ததுதான். உங்க குடல்லயும் இருக்கு, எனக்கும் இருக்கு, இதோ வசந்தாவுக்கும் இருக்கு. இடம் மாறிப் போய் அந்தச் சுரப்பியில உக்காந்துக்கிச்சு."

தங்கராசு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அப்ப அந்தக் கெட்ட வியாதி இல்லீங்களா?" என்றார்.

"அதுக்கெல்லாம் தனியாப் பார்த்தாச்சு. எதுவும் இல்லை."

தங்கராசு பழனிவேலின் தோளைத் தொட்டு, "மாப்ள, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். எல்லாம் சரியாயிற்று என்று நான் தட்டை எடுத்து உள்ளே வைக்கப் போனேன். சரியாகவில்லை. செல்வியின் முகம் இறுகித்தான் இருந்தது.

"அந்த ஊசிக்காரன் சொன்னதுக்காக மட்டும் நான் போகலீங்க" என்றார், டாக்டரைப் பார்த்து. "ஒரு வருசமா நோவு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. கொட்டாய்க்குப் பின்னால போயி நின்னுக்கிட்டாரு. நான் யாரோவாட்ட ஊட்டுக்குள்ள இருந்தேன்." பிறகு மருந்து எத்தனை நாளைக்கு என்று கேட்டார். மூன்று மாதம் வரை ஆகலாம் என்றார் டாக்டர். "அது வரைக்கும் வந்து இருக்கறேன். இவர நம்ப முடியாது, மறுக்காவும் கோழி மருந்தத் தேடுவாரு. மாத்திர தீரட்டும். அப்பறம் போறதா இருக்கறதான்னு பாத்துக்கலாம்."

பழனிவேல் மருந்துச் சீட்டைச் செல்வியிடம் நீட்டினார்.

அந்த மாதங்களில் செல்வி அவரைக் கூட்டிவராத தடவை கிடையாது. வேளை தவறாமல் மாத்திரை, அதோடு செம்பு நிறையத் தண்ணீர். மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோலில் தடிப்பு வருகிறதா என்று அவரே பார்ப்பார். ரத்தச் சோதனைக்குத் தேதி தவறாது. நடுவில் வலி நின்றதும் எல்லோரையும் போலப் பழனிவேலும் "போதுமுங்களே" என்று ஆரம்பித்தார். செல்வி என் ஜன்னலுக்கு முன்னால் வைத்தே, "கோழிக்கு அஞ்சு நாளு ஊத்தோணுமுன்னா மூணு நாளுல நிறுத்துவீங்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. பெரிய டாக்டர் அவருடைய மூன்று கேள்விகளோடு இந்தக் கோழி மருந்துக் கேள்வியை நான்காவதாகச் சேர்த்ததும், ஆய்வக ஜன்னலிலும் அதைக் கேட்கச் சொன்னதும் அந்த நாட்களில்தான். கேட்கத் தொடங்கிய பிறகு பார்த்தால், தலையாட்டியவர் பழனிவேல் ஒருவர் மட்டும் இல்லை.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். மருந்தை நிறுத்தி இடைவெளி விட்டு எடுத்த மாதிரியிலும் அந்தக் கிருமி இல்லை. நான் ஓய்வு பெறும் வரை பழனிவேல் இந்த நோய்க்காகத் திரும்பி வரவில்லை. ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அந்தச் சோதனை இல்லை. மாத்திரை முடிந்த அன்றைக்கு நடந்ததுதான்.

ரத்த ரிப்போர்ட்டோடு நான் அறைக்குள் நுழைந்தபோது பெரிய டாக்டர் முக்காலியில் உட்கார்ந்து, "அருமையாத் தேறிட்டீங்க. இன்னியோட மாத்திரை போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பழனிவேல் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"இன்னும் ஒரு மாசத்துக்கு எழுதிக் குடுத்தீங்கன்னா பரவால்லீங்க சார்."

"வலி இருக்கா?"

"இல்லீங்க."

"எரிச்சல்?"

"அதும் இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு?"

பழனிவேல் சட்டைப் பையில் இருந்த காலி மாத்திரை அட்டையை விரலால் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார். பெரிய டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எனக்கு முன்பே செல்விக்குப் புரிந்துவிட்டது.

"மாத்திர தீந்தா நான் போயிருவேன்னு நெனச்சீங்களாக்கு?" என்றார் அவர். "நம்ம தோட்டத்துல வெங்காயம் ஊனறதுக்கு நாளைக்கு ஆளு வரச் சொல்லியிருக்கறேன். அது வெளஞ்சு, புடுங்கி, பட்டறை போட்டுச் சேத்து வெச்சு முடிக்கவே எத்தன மாசம் ஆகும். எந்திரிங்க, எருமப்பட்டி பஸ்ஸு போயிரும்."

பழனிவேல் எழுந்தார். போய்விட்டு வருகிறேன் என்று டாக்டரிடம் சொல்லக்கூட மறந்து, செல்விக்குப் பின்னால் வேகமாக நடந்தார்.